பீரோ கண்ணாடியில் கறுப்புப் பொட்டு

ஒரு வருடம் என் போனில் என் மனைவியின் படங்களைவிட, கைவைத்த பனியன் போட்ட ஒரு மீசைக்காரரின் படங்கள்தான் அதிகம் இருந்தன. எல்லாம் ஒரே மாதிரிதான். பீரோ கண்ணாடி முன்னால் நின்று, போனை நெஞ்சுக்கு நேரே பிடித்து, வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் தெறிக்க, ஆதாருக்குப் படம் எடுக்கப் போனவர் போல விறைப்பாக நிற்பார். சனிக்கிழமைதோறும் ஒரு படம் வந்து விழும். என் மனைவி ஒருநாள் பார்த்துவிட்டாள்.

"யாருங்க இது? வாராவாரம் அனுப்புறாரு."

"அவரப் பாக்காத. அவரச் சுத்தி ஒட்டியிருக்கற பொட்டுங்களப் பாரு. என்ன அழகு பாரு."

அதற்குமேல் தொழில் ரகசியம் என்று சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், இந்த ஊரில் ஆலோசனை யாருக்குத் தேவை என்ற கேள்வி இருந்தது.

நான் மனநல ஆலோசகன். உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் என் அறை. கீழே 'பொட்டாஷ் இருப்பு உள்ளது' என்று ஒரு பலகை. அதற்கு மேலே 'மனம்விட்டுப் பேசலாம் வாங்க' என்று என் பலகை. படியேறி வருகிறவர்களில் பாதிப்பேர் பொட்டாஷ் கேட்பார்கள். மீதிப்பேர் என்னைக் கண்டதும், பொட்டாஷே கேட்டிருக்கலாம் என்ற முகத்தோடு உட்காருவார்கள்.

அப்படித்தான் அந்த மீசைக்காரரும் அவர் மனைவியும் ஒருநாள் வந்தார்கள். அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அந்த அம்மா நடவுக்குப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு போகிறவர். நிலத்துக்காரரிடம் பேசுவது, எந்த வயலில் என்றைக்கு இறங்குவது என்று முடிவு செய்வது, நாற்றைக் கையில் பிடித்து மற்றவர்களுக்கு முன்னால் சேற்றில் இறங்குவது எல்லாம் அவர்தான். எல்லோரும் அவரை மேஸ்திரி என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிடுகிறேன். இதையெல்லாம் எழுதட்டுமா என்று பின்னாளில் நான் கேட்டபோது, "எழுதிக்கோ சார், பேரு மட்டும் வேணாம். இவரு பனியன வேணா போடு" என்றார். போட்டுவிட்டேன்.

"சார், இவ தங்கமான பொம்பள சார்," என்று கணவர் ஆரம்பித்தார். "மாசத்துல கொஞ்ச நாளு மட்டும் இன்னா ஆவுதுன்னே தெரியல."

"தங்கமாம் தங்கம். அப்புறம் இன்னாத்துக்கு இங்க இட்டாந்து வெக்கற, அடகு கடையா இது?" என்றார் மேஸ்திரி. பிறகு என் பக்கம் திரும்பினார். "ஊசி போடுவியா சார்?"

"நான் டாக்டர் இல்லம்மா."

"மாத்திர?"

"அதுவும் எழுதமாட்டேன்."

"பின்ன இன்னாத்துக்கு சேரு போட்டு குந்திகினு கீற?"

என் பேராசிரியர்கள் யாரும் இவ்வளவு சுருக்கமாக இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. "கேக்கறதுக்கு" என்றேன். "சரி கேளு" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.

"காத்தால எழுந்திருக்கச்சயே நெஞ்சுல எவனோ கல்ல ஏத்தி வெச்சா மாதிரி இருக்கும் சார். எதிர்ல எவ சிரிச்சாலும் என்னப் பாத்துதான் சிரிக்கிறான்னு தோணும். வாய் பாட்டுக்கு ஒரு பக்கம் கத்திகினே இருக்கும். நான் ஒரு பக்கம் நின்னுகினு, வேணாம்டி வேணாம்டின்றேன். கேக்கவே மாட்டேங்குது. போன தபா நாத்து முடிய தூக்கி நெலத்துக்காரர் மேலயே அடிச்சிட்டேன்."

"வெள்ள சட்ட சார்," என்றார் கணவர், அதுதான் வழக்கின் முக்கியமான சாட்சியம் என்பது போல.

சேறு சொட்டும் நாற்றுக் கட்டால் அடித்தது மட்டுமில்லை. எல்லோரையும் வரப்பில் நிறுத்தி, "போங்கடி, எவளும் என்கூட வர வேணாம்" என்று கோஷ்டியையே கலைத்துவிடுவார். சில நாள் போனதும் வீடு வீடாகப் போய், "வாங்கடி, நானா அப்பிடி பேசனேன்" என்று கூட்டி வருவார். முதலில் சிரித்துக்கொண்டு வந்தவர்கள் இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவருடைய ஓரகத்தி, அதாவது கணவரின் தம்பி மனைவி, அதே கோஷ்டியில் நடுகிறவள். 'இவளுக்கு நெலையே இல்ல, இனிமே நான் பாத்துக்கறேன்' என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். தை, மாசியில் வரும் நவரை நடவு முடிவதற்குள் எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுப்பது என்று பேச்சு.

"அது ஒண்ணுதான் சார் நானா கட்டனது," என்றார் மேஸ்திரி. "முன்ன ஒரு ஆம்பள ஏஜெண்டு கிட்ட கைகட்டிகினு நின்னோம். அவன வேணாம்னுட்டு இவளுங்கள நாந்தான் சேத்தேன். அத என் வாயாலயே ஒடைக்கிறேன் பாரு."

கணவர் குரலைத் தாழ்த்தினார். "அமாவாச கிட்ட வந்தா ஏறிக்குது சார். ஊரே சொல்லுது."

மந்திரித்த கயிறு, எலுமிச்சம்பழம், மலைக்கோயில் எல்லாம் ஏற்கெனவே ஆகியிருந்தன. எனக்குள் இருக்கும் பகுத்தறிவுப் பேச்சாளர் மேடையேறத் தயாரானார். அவரைச் சட்டையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, கேட்கவேண்டியதைக் கேட்டேன். கேட்ட விதம்தான் கேவலம். "மாதவிடாய்ச் சுழற்சிக்கும் இதற்கும் ஏதேனும் தொடர்பு..." என்று பாடப்புத்தகத்தை ஒப்பித்தேன். கணவர் உடனே மின்விசிறியை ஆராயத் தொடங்கினார். நானும் கூடச் சேர்ந்து ஆராய்ந்தேன்.

மேஸ்திரிதான் எங்கள் இருவரையும் கீழே இறக்கினார். "தூரமாறத கேக்கறியா சார்? அதுக்கு ஏன் இந்த முக்கு முக்கற? அதுக்கு முன்னாடிதான் இந்த பேஜாரெல்லாம். தூரமாயிட்டா, தலைலர்ந்து மூட்டைய எறக்கி வெச்சா மாதிரி ஆயிடும்."

எனக்குக் காதில் மணி அடித்தது. ஆனால் மனம் சொல்லும் கணக்கை நம்பி இதை முடிவு செய்யக்கூடாது. அன்றாடம் குறித்துவைத்து, குறைந்தது இரண்டு சுற்றாவது பார்க்கவேண்டும் என்பது எங்கள் தொழிலின் விதி.

அதற்கு முன் இன்னொரு கேள்வி இருந்தது. அதை மட்டும் நான் சுற்றி வளைப்பதில்லை. "அந்த நாள்ல செத்துப் போலாம்னு தோணியிருக்கா?"

மேஸ்திரி கணவர் பக்கம் பார்க்காமல் சொன்னார். "ஏரிக் கரைல போய் நின்னுருக்கேன் சார். தண்ணிய பாத்துகினே."

கணவர் மின்விசிறியை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார். அவருக்கு அது தெரியாது. அன்றைக்கு நான் மேற்கொண்டு ஒரு வேடிக்கையும் பேசவில்லை. அந்த நாட்களில் அவரைத் தனியே விடுவதில்லை, அப்படித் தோன்றினால் வாயைத் திறந்து சொல்லவேண்டும், யாரிடம் சொல்வது, எந்த நேரத்திலும் யாரை எழுப்பலாம் என்றெல்லாம் மூவரும் உட்கார்ந்து பேசி முடித்த பிறகுதான் எழுந்தோம். காஞ்சிபுரத்தில் எனக்குத் தெரிந்த மனநல மருத்துவரம்மாவிடம் போகவும் நாள் வாங்கினேன்.

போகும்போது, நானே உருவாக்கிய ஓர் அட்டவணையைக் கொடுத்தேன். சிரிக்கும் முகம், அழும் முகம், பல்லைக் கடிக்கும் முகம் எல்லாம் அதில் உண்டு. எனக்கு அதில் பெருமை அதிகம். அடுத்த முறை அது வந்தது, வேர்க்கடலைப் பொட்டலமாக.

"கோச்சிக்காத சார். நல்ல தாளு, எண்ண வுடல," என்றார் மேஸ்திரி. "சேத்துலர்ந்து வந்து, காலு கழுவி, சோறாக்கி போட்டுட்டு, எவ குந்தி எழுதுவா? பொட்ட எடுத்து கண்ணாடில ஒட்டறேன், அப்பிடியே சாயறேன்."

நான் எழுந்த வேகத்தில் பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் சாய்ந்தது. "என்ன சொன்னீங்க?"

"சாயறேன்னு சொன்னேன்."

"அதுக்கு முன்னாடி."

"பொட்ட எடுத்து... ஏன் சார், உன் வூட்ல ஒட்ட மாட்டாங்களா?"

எல்லா வீட்டிலும் ஒட்டுவார்கள். என் வீட்டுக் குளியலறைக் கண்ணாடியில் நான் தினமும் சவரம் செய்வதே என் மனைவியின் பொட்டுகளுக்கு நடுவேதான். சில நாள் ஒன்றிரண்டு என் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு அலுவலகம் வரை வந்திருக்கிறது. ஆனாலும் அதுவரை எனக்கு உறைக்கவில்லை. இந்தப் பெண்கள் நாள் தவறாமல், யாரும் சொல்லாமல், இராத்திரிதோறும் ஒரு குறி வைத்துவிட்டுத்தான் படுக்கிறார்கள். நிறத்தை மட்டும் மாற்றினால் போதும்.

கீழே ஓடி, உரக்கடைக்கு எதிரில் இருந்த வளையல் கடையில், "ஸ்டிக்கர் பொட்டு குடுங்க. பச்சை, கறுப்பு, சிவப்பு" என்றேன். கடைக்கார அம்மா, "உங்களுக்கா?" என்று கேட்டார். மூச்சு வாங்கியதில் "ஆமா" என்றுவிட்டேன். அந்தத் தெருவில் என் கௌரவம் இன்றுவரை முழுசாக மீளவில்லை.

ஏற்பாடு எளிது. நல்ல நாளுக்குப் பச்சை. கல் ஏறிய நாளுக்குக் கறுப்பு. தூரமான நாட்களுக்குச் சிவப்பு. அன்றாடம் ஒன்று, இடமிருந்து வலமாக. சனிக்கிழமை கணவர் படம் எடுத்து அனுப்பவேண்டும்.

படங்கள் வரத் தொடங்கின. கண்ணாடியை நேரே நின்று எடுத்தால் தானும் விழுவோம் என்பதை அவர் கடைசிவரை ஒரு பிரச்சினையாகக் கருதவில்லை. பனியனைச் சுற்றிப் பச்சை, மீசைக்குப் பக்கத்தில் கறுப்பு என்று நான் போனைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு சனிக்கிழமை படம் பளிச்சென்று வந்தது. அவர் முகம் அத்தனை தெளிவு. பொட்டு மட்டும் ஒன்றைக்கூடக் காணோம்.

போன் செய்தேன். "எங்கங்க பொட்டெல்லாம்?"

"படம் மங்கலா கீதுன்னு நீ வருத்தப்படுவியேன்னு, சோப்பு போட்டு தொடச்சேன் சார். இப்ப எப்பிடி கீது?"

"நீங்க நல்லா இருக்கீங்க" என்றேன். வேறு என்ன சொல்ல. பின்னால் மேஸ்திரியின் குரல் கேட்டது: "யோவ், கண்ணாடிய தொடக்க சொன்னாங்களா உன்ன?" முந்திய வாரங்களின் படங்கள் என்னிடம் இருந்ததால் பிழைத்தோம். அழிந்த நாட்களை அன்றே மேஸ்திரியை விட்டு மறுபடி ஒட்டச் சொன்னேன்.

பிறகு அந்த நாள் வந்தது. என் தொழிலில் இப்படி ஒரு நாள் கிடைக்க, காத்திருக்கத்தான் வேண்டும். மூவரும் என் மேசை மேல் குனிந்திருந்தோம். ஒரு பக்கம் படங்கள், ஒரு பக்கம் அமாவாசை பௌர்ணமி போட்ட மாதக் காலண்டர். முதல் மாதம் கறுப்புப் பொட்டுகள் வரிசையாக வந்து, சிவப்பில் முடிந்தன. பக்கத்திலேயே அமாவாசை. கணவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அடுத்த மாதம் கறுப்புகள் கொஞ்சம் முன்னாலேயே வந்தன. அதற்கடுத்த மாதம் இன்னும் முன்னால், தேய்பிறை பாதிகூட ஆகாத நேரத்தில். அமாவாசை அங்கே தனியாக நின்றுகொண்டிருந்தது, அதைச் சுற்றி எல்லாம் பச்சை. ஆனால் ஒவ்வொரு முறையும் கறுப்பு வரிசை சிவப்பு வந்ததும் சொல்லிவைத்தது போல நின்றது.

"நெலாவ வுட்டுட்டு இது தனியா போவுது சார்," என்றார் கணவர்.

"ஆமாங்க. தனியா போகுது." எனக்குக் குதிக்கவேண்டும் போல இருந்தது. நாற்காலியின் நிலைமை தெரியும் என்பதால் குதிக்கவில்லை.

ஏன் எல்லோருக்கும் அமாவாசை என்று பட்டது என்பதும் அப்போதுதான் புரிந்தது. அமாவாசையன்று அவர்கள் கோஷ்டி வயலில் இறங்காது. அதற்கு முந்தைய நாள் சண்டை நடந்தால், மறுநாள் எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து அதையே மென்றுகொண்டிருப்பார்கள். மற்ற மாதத்துச் சண்டைகள் வேலை மும்முரத்தில் சேற்றோடு போய்விட்டன. அமாவாசைச் சண்டைகள் மட்டும் ஊர் நினைவில் நின்றன.

மேஸ்திரி காலண்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அப்போ எனக்கு ராங்கி இல்லியா சார், திமிரு இல்லியா?"

"இல்லம்மா. எல்லாப் பொம்பளைக்கும் உடம்புல ஹார்மோன் ஏறி இறங்கற சமாச்சாரந்தான். சிலருக்கு மட்டும் மூளை அத தாங்காம படுத்துது. பேரு பி.எம்.டி.டி."

"பி.டி.ஓ. ஆபீசு கணக்கா கீது," என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நடுவிலேயே அழுகையாக மாறியது. கணவர் தோள் துண்டை எடுத்துக் கொடுத்தார். அது லோடு ஆட்டோ துடைக்கும் துண்டு. "இதுல கிரீசு நாத்தம் வருதுய்யா," என்று அழுதுகொண்டே அதிலேயே மூக்கைச் சிந்தினார்.

மருத்துவரம்மா எங்கள் பொட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு, தேவையான பரிசோதனைகளைச் செய்து, மாத்திரை தொடங்கினார். என் பங்குக்கு நானும் மேஸ்திரியும் அந்த நாட்களுக்கென ஒரே ஒரு சட்டம் செய்துகொண்டோம்: கறுப்புப் பொட்டு நாளில் யாரையும் சேர்ப்பதுமில்லை, கலைப்பதுமில்லை. தோன்றுவது தோன்றட்டும், தீர்ப்பு பச்சைக்கு. மாத்திரையும் சட்டமும் சேர்ந்து கல்லைக் கொஞ்சம் இறக்கின. முழுக்க இறங்கவில்லை. இப்போதும் இல்லை.

இதற்குள் நவரை நடவு பாதி முடிந்திருந்தது. கோஷ்டி கூடிப் பேசும் நாளை ஓரகத்தி குறித்துவிட்டாள். ஓட்டுப் போட்டு ஆளெடுப்பதைச் சோழர் காலத்திலேயே கல்லில் வெட்டி வைத்த ஊர் எங்களுடையது. யார் யாருக்குத் தகுதியில்லை என்றுகூட அதில் விவரமாக இருக்கிறது. நல்லவேளை, நாற்று முடியால் நிலத்துக்காரரை அடிப்பவர்களைப் பற்றி ஒன்றும் இல்லை.

அந்த நாள் கறுப்பில் விழுந்தது.

"வேற நாள் கேட்டுப் பாருங்களேன்," என்றேன்.

"கேட்டா, பயந்துட்டான்னுவா. நீ வா சார். வாய தொறக்காத. நான் கேட்டா மட்டும் பேசு."

ஹார்மோன்களைப் பற்றி நான் அருமையான ஓர் உரை தயாரித்தேன். கண்ணாடி முன் நின்று, பொட்டுகளுக்கு நடுவே, ஒத்திகைகூடப் பார்த்தேன். சாயங்காலம் ஏரிக்குக் கீழே இருந்த வயலுக்குப் போனபோது பெண்கள் வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். வரப்பில் நடக்கத் தெரியாதவன் செய்வதைச் செய்தேன். முழங்கால் வரை சேறு. "டாக்டரும் நடவுக்கு வந்துட்டாரு, கூலி பேசிக்கோங்கடி," என்று யாரோ சொன்னார்கள்.

மேஸ்திரி வந்தார். நெற்றியில் கறுப்புப் பொட்டு. வீட்டுக் கண்ணாடியில் ஒட்டவேண்டியதைக் காலையிலேயே நெற்றியில் வைத்துக்கொண்டு வயலில் இறங்கியிருந்தார்.

"இன்னாக்கா, தாலி கட்டிகினவ கறுப்பு பொட்டு வெச்சிகினு வயல்ல எறங்குவாளா?" என்று ஓரகத்தி தொடங்கினாள். "இதுக்குத்தான் சொல்றேன், உனக்கு நெல இல்லன்னு."

பக்கத்தில் ஒரு நாற்று முடி கிடந்தது. மேஸ்திரியின் பார்வை ஒருமுறை அதன்மேல் போய் வந்தது. அவர் அப்படியே வரப்பில் குந்தினார்.

"இன்னைக்கி எனக்கு நெல இல்லதான். அதுக்குத்தான் இந்த பொட்டு," என்றார். "உன்ன இந்த சேத்துலயே அமுக்கணும்னு கீது எனக்கு. அமுக்கல பாரு. நாலு நாளு போனா, இவ இன்னா பேசிட்டான்னு சிரிப்பேன். ஒடம்பு சமாச்சாரம்டி. தூரமாறதுக்கு முன்னாடி வருது, தூரமானா போவுது. அமாவாசையும் இல்ல, காத்தும் இல்ல. டாக்டரம்மா மாத்திர குடுக்கறாங்க."

நான் தொண்டையைச் செருமினேன். மேஸ்திரி என் பக்கம் திரும்பாமலே கையைக் காட்டி நிறுத்தினார்.

"நம்மள்ல எவ தூரமா இருக்காளோ அவ மொத நாத்த வெக்க மாட்டா. இன்னொருத்தி வெப்பா. உண்டா இல்லியா? அதுக்காவ அவள கோஷ்டிய வுட்டே தொரத்தனமா? அவ அந்தாண்ட நின்னு நாத்து எடுத்து குடுக்கறா, மறுவாரம் அவளே வெக்கிறா. அதே கணக்குதான் இது. நான் கறுப்பு பொட்டு வெச்ச அன்னிக்கி நெலத்துக்காரங்கிட்ட வேற ஒருத்தி பேசட்டும். நான் வாய மூடிகினு நடறேன். மத்த நாளு நான் பேசறேன்."

முதல் நாற்று வழக்கத்தைப் பற்றி எனக்கே தனியாக ஒரு காரசாரமான உரை உண்டு. அதையும் ஹார்மோன் உரையோடு சேர்த்து விழுங்கினேன். எனக்கு உள்ளுக்குள் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தது. அவர்களுக்குள் ஆண்டாண்டாக நடக்கிற ஓர் ஏற்பாட்டை எடுத்து, அதிலேயே தனக்கு ஓர் இடம் போட்டுக்கொண்டார்.

வாய்க்காலோரம் நின்றிருந்த ஒரு பெண் மெல்லக் கேட்டாள். "யக்கா, எனக்கும் அந்த நாள்ல சும்மா சும்மா அழுவ வருது. அதுவும் இதுதானா?"

"எனக்கு தெரியாதுடி. தோ, இந்த சார் கிட்ட கேளு. பொட்டு குடுப்பாரு," என்றார் மேஸ்திரி. அன்று எனக்குக் கிடைத்த ஒரே அறிமுக உரை அது.

"சரி, கறுப்பு பொட்டுக்கு யாரு பேசறது?" என்று இன்னொருத்தி கேட்க, எல்லோரும் ஓரகத்தியைப் பார்த்தார்கள். அவள் தோளைக் குலுக்கி, "நான் இன்னா பயந்தவளா?" என்றாள்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, வழக்கமான படத்துக்குப் பதில் போன் வந்தது. மேஸ்திரிதான். மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தார். அன்று கறுப்பு. ஓரகத்தி பேசப் போயிருக்கிறாள். நிலத்துக்காரர், நட்ட இடத்தையே காட்டி, அங்கே நெருக்கம், இங்கே இடைவெளி என்று காலையிலிருந்து வரப்பிலேயே நின்று நொட்டை சொல்லியிருக்கிறார். மதியத்துக்குள் ஓரகத்தி நாற்று முடியைத் தூக்கி அவர் மேல் அடித்துவிட்டாள்.

"வெள்ள சட்டையா?" என்றேன்.

"புது சட்ட சார். நாந்தான் ஓடிப் போய், வுடுங்கய்யா சின்ன பொண்ணுன்னு சமாதானம் பேசனேன். கறுப்பு பொட்டு வெச்சிகினு. மாசாமாசம் இந்த ஆளுகிட்ட நீயே பேசிக்கோக்கா, எனக்கு வேணாம்னு அழுவறா."

"முடியாதுன்னு சொல்லுங்க. கறுப்பு நாள்ல அவங்கதான் பேசணும்."

"அதெல்லாம் சொல்லிட்டேன். சட்டம்னா சட்டம்." பின்னால் ஓரகத்தி ஏதோ கத்தினாள். மேஸ்திரி போனைப் பொத்திக்கொண்டு அவளுக்கு ஏதோ சொல்லிவிட்டு, திரும்ப வந்தார். "சார், என்ன பாத்து இவளும் பொட்டு ஒட்ட ஆரம்பிச்சா. பச்ச கறுப்பு எல்லாம் மூணு வாரமா கரெக்டா ஒட்டிகினுதான் கீறா. பாத்தேன். எல்லாமே பச்ச. இன்னைக்கும் பச்சைதான் ஒட்டுவேன்றா. இவளுக்கு இன்னா வியாதின்னு சொல்லு."

"அது வியாதி இல்லம்மா," என்றேன். "அது நெலத்துக்காரர்."